பட்டரியை மாற்றச் சொன்னது யார்?

கேள்வி: உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். ஒன்றேகால் வருடத்துக்கு முன் லீசிங்கில் வாங்கிய 2012ஆம் ஆண்டு லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 450எச் ஜீப்பில் ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. குருநாகலில் ஒரு கராஜுக்கு ஏற்றி அனுப்பினோம். பட்டரி போய்விட்டது, 11 லட்சம் ரூபாய் ஆகும் என்றார்கள். 7 லட்சம் கட்டினேன். பட்டரிக்கு ஓராண்டு உத்தரவாதம் தந்தார்கள். பட்டரி மாற்றிய இரண்டாவது வாரமே மறுபடி அதே விளக்கு. திரும்பக் கொண்டுபோனால், ஏசி கம்பிரசர் பழுது, இன்னும் 6 லட்சம் வேண்டும், பழைய பாக்கி 4 லட்சத்தையும் தராமல் வாகனத்தை விடமாட்டோம் என்கிறார்கள். கேட்கப்போன என் கணவரை எல்லோர் முன்னிலையிலும் அவமதித்தார்கள். வாகனத்தை விற்றவரும் எங்களை ஏமாற்றியிருக்கிறார். பொலிஸில் மோசடி முறைப்பாடு கொடுக்கும்படியும், ஓடாத வாகனத்துக்குத் தவணை கட்ட வேண்டாம் என்றும் மைத்துனர் சொல்கிறார். கையிலுள்ள தாள்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் இணைத்திருக்கிறேன். நகையை அடகு வைத்துப் பணத்தைக் கட்டுவதா, வழக்குப் போடுவதா?

பதில்: உங்கள் கணவர் பட்ட அவமானம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை இந்தப் பணச் சண்டையோடு கலக்காதீர்கள். விற்றவரையும் விட்டுவிடுங்கள். வாங்கி ஒன்றேகால் வருடம் ஓட்டிய பழைய வாகனத்தில் இன்று வந்த பழுதை அவர் தலையில் கட்ட முடியாது. பொலிஸ் முறைப்பாடும் உதவாது. பணம் வாங்கிய நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் அது மோசடி. தவறான பழுதுபார்ப்பு சிவில் விவகாரம் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவார்கள்.

வழக்கைத் தீர்மானிக்கக்கூடிய ஒரே விடயத்தை நீங்கள் எழுதவில்லை. வாகனத்தை ஒப்படைத்த அன்று கராஜின் ஜொப் கார்டில், அதாவது வேலைச் சீட்டில், என்ன எழுதப்பட்டது? ‘எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பரிசோதித்துச் சரிசெய்யவும்’ என்று இருந்தால், பழுதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு கராஜுடையது. அந்த வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய அவர்கள் சட்டப்படி கட்டுப்பட்டவர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ‘ஹைபிரிட் பட்டரி மாற்றவும்’ என்று எழுதி அதன்கீழ் நீங்கள் கையொப்பமிட்டிருந்தால், கேட்டதைச் செய்து கொடுத்தோம் என்பார்கள். அதற்குப் பதில் சொல்வது மிகவும் கடினம். பட்டரிக்கு ஓராண்டு உத்தரவாதம் தந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி இருக்காதீர்கள். மாற்றிய பட்டரி கெட்டுப்போனால்தான் அந்தத் தாள் பயன்படும். நல்ல பட்டரியைத் தேவையில்லாமல் மாற்றினார்கள் என்பதல்லவா உங்கள் குறை?

இனி நீங்கள் இணைத்திருக்கும் தாள்களுக்கு வருகிறேன். பட்டரி மாற்றுவதற்கு முன்பு எடுத்த ஸ்கேன் தாளில் பி0ஏஏ6 என்ற கோட் (பழுதுக் குறியீடு) இருக்கிறது. உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் வாகனத்தின் உடலுக்கும் இடையிலான மின்காப்பு, அதாவது மின்கசிவைத் தடுக்கும் தன்மை, குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். பட்டரி, இன்வேர்ட்டர், மோட்டார், கேபிள், ஏசி கம்பிரசர் ஆகிய எதிலிருந்தும் அது வரலாம். ஆனால் உங்கள் வாகனத்தின் காலத்து டொயோட்டா, லெக்ஸஸ் ஹைபிரிட்களில் அந்தக் கோட்டுடன் மூன்று இலக்க எண் ஒன்றும் வரும். 612 என்றால் பட்டரிப் பகுதி. 611 என்றால் ஏசி கம்பிரசர் பகுதி. உங்கள் தாளில், படம் மங்கலாக இருந்தாலும், 611 என்றுதான் தெரிகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பட்டரியை மாற்றியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் இதைவிடப் பலமான சான்று கிடையாது.

அதே கோப்பில் உங்கள் பக்கத்தை உடைக்கும் தாளும் இருக்கிறது. வாகனத்தை நன்றாகப் பராமரித்தீர்கள் என்று காட்டுவதற்காக, திருகோணமலையில் ஏசி காஸ் நிரப்பிய பற்றுச்சீட்டை வைத்திருக்கிறீர்கள். விளக்கு எரிவதற்கு மூன்று வாரம் முந்திய திகதி. ‘காஸ், எண்ணெய்’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. ஹைபிரிட் வாகனத்தின் கம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதற்கு என்டி-11 என்ற தனி வகை எண்ணெய்தான் போட வேண்டும். சாதாரண வாகனங்களுக்குப் போடும் பிஏஜி எண்ணெய் கலந்துவிட்டால் மின்காப்பு குறைந்து இதே பி0ஏஏ6 எழும். கராஜின் சட்டத்தரணி அந்தப் பற்றுச்சீட்டைப் பார்த்தால், கம்பிரசரைக் கெடுத்தது நீங்களே என்று வாதாடுவார். கம்பிரசருக்கான 6 லட்சத்தைக் கராஜே ஏற்க வேண்டும் என்று கேட்கும் எண்ணத்தை இப்போதே கைவிடுங்கள். உங்கள் சண்டை தேவையில்லாத பட்டரிக்கான 11 லட்சத்தைப் பற்றியது மட்டுமே.

இப்படி வருகிறவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோபத்தில் எப்படியாவது வாகனத்தை மீட்டு, அடுத்த நாளே வேறொரு கராஜில் திறக்க விடுகிறார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் அதைத்தான் செய்தார். இரண்டாவது மெக்கானிக் கோட்களை அழித்தார், இன்வேர்ட்டர் மூடியைக் கழற்றினார், ஒரு கேபிளையும் மாற்றினார். பிறகு, ‘பழுது வாகனம் எங்களிடம் இருக்கும்போது இருந்ததா, அந்த மெக்கானிக் கைபட்டு வந்ததா?’ என்று முதல் கராஜ் கேட்டபோது, காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை. நியாயம் முழுவதும் என் கட்சிக்காரர் பக்கம் இருந்த வழக்கு அது. இன்றும் நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. ஆகவே வாகனம் இருக்கும் இடத்திலேயே, கராஜ்காரர் முன்னிலையில், வெளியாளான ஹைபிரிட் தொழில்நுட்பவியலாளர் ஒருவரைக் கொண்டு ஸ்கேன் எடுத்து அச்சிடுங்கள். நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள். எதையும் கழற்ற வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம். பழைய பட்டரி எங்கே என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். அது கராஜின் மூலையில் கிடந்தால், பரிசோதனை முடியும்வரை அப்புறப்படுத்தக் கூடாது என்று எழுதுங்கள். அந்தப் பட்டரி நல்ல நிலையில் இருப்பது தெரிந்தால் பேச்சின் தொனியே மாறும்.

இன்னொன்று, வாட்ஸ்அப். விளக்கு மறுபடி எரிந்த பிறகு, ‘மீதி 4 லட்சத்தையும் மாத முடிவில் தந்துவிடுகிறேன், தயவுசெய்து வாகனத்தை விடுங்கள்’ என்று அனுப்பியிருக்கிறீர்கள். கெஞ்சி எழுதியது எனக்குத் தெரிகிறது. நீதிமன்றம் அதைக் கடனை ஏற்றுக்கொண்டதாக வாசிக்கும். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி அது சாட்சியமாகவும் ஏற்கப்படும். இனி ஒரு வரிகூட அனுப்பாதீர்கள். உங்கள் கணவரும் அனுப்பக் கூடாது.

தவணையை நிறுத்தச் சொல்லும் மைத்துனரின் பேச்சைக் கேட்கவே வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. வாகனம் ஓடுகிறதா, கராஜில் கிடக்கிறதா என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. தவணை தவறினால் ஆட்களை அனுப்பிக் குருநாகலிலேயே வாகனத்தைத் தூக்குவார்கள், ஏலத்தில் விற்பார்கள், விலை போதாவிட்டால் குறைநிலுவைக்கு உங்கள் மீதும் பிணையாளர்கள் மீதும் வருவார்கள். வாகனமும் போய், சான்றும் போய், கடன் மட்டும் மிஞ்சும். கட்ட இயலாவிட்டால் தவணை தவறும் முன்பே மறுசீரமைப்புக் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

வேலை செய்த கூலிக்காக வாகனத்தைப் பிடித்து வைக்கும் உரிமை நம் ரோமன்-டச்சுச் சட்டத்தில் கராஜுக்கு உண்டு. ஆகவே பலவந்தமாக எடுக்க முயலாதீர்கள்.

பட்டரி பொருத்திப் பத்து வாரமாகிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான எழுத்து முறைப்பாட்டுக்கு மூன்று மாதம்தான் அவகாசம். ‘அடுத்த கிழமை வாருங்கள்’ என்று கராஜ் இழுப்பதை நம்பி அந்த நாளைத் தவறவிடாதீர்கள். முறைப்பாட்டை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

அதன்பின் சமரசத்துக்குப் போங்கள் என்பதே என் ஆலோசனை. எதிராளி இருக்கும் இடமும் வேலை நடந்த இடமும் குருநாகல். வழக்கு அங்கேதான். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டிப் போய்வர ஒரு முழு நாள். விடுதியை யார் பார்ப்பது? வெளியிலிருந்து ஹைபிரிட் நிபுணர் ஒருவரைச் சாட்சியாக வரவழைக்கும் செலவும் உங்களுடையது. ஏசி பற்றுச்சீட்டு என்ற ஓட்டையோடு அந்த நீண்ட வழியை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். பாக்கி 4 லட்சத்தை அவர்கள் கைவிட வேண்டும். கம்பிரசருக்கும் ஏசி குழாய்களைக் கழுவுவதற்கும் கூலியின்றி, பாகத்தின் அடக்க விலை மட்டும் நீங்கள் தர வேண்டும். பட்டரி உத்தரவாதம் அப்படியே தொடர வேண்டும். இந்த மூன்றும் கிடைத்தால் ஒப்புக்கொள்ளுங்கள். சமரசத்துக்காக எழுதுவது பிறகு உங்களுக்கு எதிராகத் திரும்பாதிருக்க, பேச்சுவார்த்தைக் கடிதத்தின் தலைப்பில் ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று இருக்கட்டும். ஸ்கேன் முடியும்வரை நகையை வீட்டிலேயே வையுங்கள். கம்பிரசர் பொருத்தி, உங்கள் முன்னிலையில் ஓட்டிப் பார்த்து, விளக்கு எரியவில்லை என்று ஜொப் கார்டில் எழுதி வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள். சாவியும் அப்போதே உங்கள் கைக்கு வர வேண்டும்.