நடுநிலை என்று யார் சொன்னது?

கேள்வி: 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' அல்ஜீரிய விடுதலைப் போரை நடுநிலையோடு காட்டிய படம் என்று கொண்டாடுகிறார்கள். அப்பாவிகள் கூடும் கடையில் குண்டு வைக்கிற பெண்களை வீராங்கனைகளாக்குவதுதான் நடுநிலையா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அது நடுநிலைப் படமே அல்ல. 1830இல் அல்ஜீரியாவில் புகுந்து 132 ஆண்டுகள் அடக்கி ஆண்ட பிரெஞ்சுக்காரனுக்கும் ஆளப்பட்டவனுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார ஏது இடம்? இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோ அல்ஜீரியர் பக்கம்தான் நிற்கிறார். தயாரிப்பில் பங்கேற்ற சாடி யாசெஃப், அல்ஜியர்ஸ் நகரின் பழைய பகுதியான கஸ்பாவின் சந்துகளில் போராளிகளை வழிநடத்தியவர். தன்னைப் போன்ற ஒரு பாத்திரத்தில் அவரே நடித்தும் இருக்கிறார்.

ஆனால் நீங்கள் குறிப்பிடும் காட்சியைத் தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள். குண்டுப் பையோடு வந்தவள் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். கேமராவும் அவள் கண்ணோடு போய் ஒவ்வொரு முகமாக நிற்கிறது. அதில் ஒன்று, ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தையின் முகம். யார் யார் சாகப்போகிறார்கள் என்று அவளுக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. கைதட்டல் வேண்டும் என்று நினைக்கிற இயக்குநர் அந்தக் குழந்தையைக் காட்டியிருப்பாரா? அதற்கு முன்பே, பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் இரவில் கஸ்பாவில் வைத்த குண்டால் வீடுகள் சரிந்து, பிணங்களை வெளியே தூக்கி வருகிறார்கள். அந்த இடிபாட்டுக்கும் இந்த இடிபாட்டுக்கும் ஒரே இசைதான் ஒலிக்கிறது. நீங்கள் அந்த முதல் குண்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பிரெஞ்சுக் கர்னல் மத்தியூவையும் அரக்கனாகக் காட்டவில்லை. சித்திரவதை பற்றிக் கேட்கும் பத்திரிகையாளர்களிடம், அல்ஜீரியாவில் பிரான்ஸ் இருக்க வேண்டுமா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். வேண்டும் என்றால் விளைவுகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். ஆக்கிரமிப்பின் முழுக் கணக்கும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. நடித்த ழான் மார்த்தான், அல்ஜீரியப் போரை எதிர்த்து 1960இல் 121 பேர் விட்ட அறிக்கையில் கையெழுத்திட்டவர். தான் வெறுத்த வாதத்தைக் கொஞ்சமும் நீர்க்கவிடாமல் பேசுகிறார்.

1966இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற இந்தப் படத்தைப் பிரான்ஸ் தன் மண்ணில் பல ஆண்டுகள் திரையிட விடவில்லை. பிரெஞ்சுக் காவலில் இறந்த அல்ஜீரிய விடுதலைப் போராட்டத் தலைவர் லார்பி பென் மஹிதி தற்கொலை செய்துகொண்டார் என்று 1957இல் சொன்னார்கள். பிரெஞ்சு ராணுவத்தினர்தான் கொன்றார்கள் என்று அதிபர் மக்ரோன் ஒப்புக்கொண்டது 2024இல். நடுநிலை கேட்பதானால் அந்த 67 ஆண்டு மௌனத்திடமும் கேளுங்கள்.