கலை, வடிவமைப்புப் படிப்புகளில் ‘திறந்த கல்வி வளம்’ என்றால் என்ன?

பாடக்குறிப்பு, காணொளி, பயிற்சித்தாள் போன்றவற்றை உருவாக்கியவரே, எவரும் கட்டணமின்றி எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உரிமத்தில் எழுதி வெளியிட்டால் அது திறந்த கல்வி வளம். இப்பெயர் 2002-இல் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் பிறந்தது.

ராயபுரத்திலிருந்தோ வியாசர்பாடியிலிருந்தோ கலைக்கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு வண்ணப்படங்கள் நிறைந்த நூலின் விலையே பெரும் சுமை. அதைவிட ஆழமான காரணமும் உண்டு: கணக்குப் பாடத்தைச் சொந்தச் சொற்களில் எழுதிவிடலாம், ஓவியத்தையோ படமின்றிக் கற்பிக்க இயலாது, அந்தப் படத்தின் உரிமை பெரும்பாலும் வேறொருவரிடம் இருப்பதால், ஆசிரியர் தம் பாடத்தை வகுப்பறைக்கு வெளியே தரத் தயங்குகிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம், பதிப்புரிமைக் காலம் முடிந்த தன் படைப்புகளின் படங்களை 2017-இல் எவரும் பயன்படுத்தத் திறந்துவிட்டதை அதனால்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்னும் நூடுல்ஸ் உணவை நினைத்துப் பாருங்கள். செய்முறை பொதுவானது, பாரிமுனை வண்டிக்கடைகளில் ஒவ்வொரு கைக்கும் ஒரு சுவை. அவ்வாறே, ஐரோப்பிய நாற்காலியை வரையச் சொல்லும் பயிற்சியை எடுத்து, காசிமேட்டு மீன்கூடையை வைத்து ஓர் ஆசிரியர் திருத்தி எழுதலாம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த வளம் அன்று. திருத்தவும் பகிரவும் அனுமதி எழுதப்பட்டிருக்க வேண்டும், உரிமம் கோரினால் உருவாக்கியவரின் பெயரையும் குறிப்பிட வேண்டும்.