மலை ரயில் ரத்து. வேனில் கூட்டிப்போனவர் பணம் தர மறுக்கிறார்

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த என் மாமியாருக்கு மலை ரயிலில் ஊட்டி போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கடந்த நவம்பரில், ‘நீராவி ரயிலில் நீலகிரி, ஒரு நாள் சுற்றுலா, கைடு, மதியச் சாப்பாடு உட்பட’ என்று விளம்பரம் செய்திருந்த உள்ளூர் டிராவல்ஸில் ஐந்து பேருக்குத் தலா 2,800 வீதம் 14,000 ரூபாயை என் கணவர் ஜிபே செய்தார். காலை ஐந்தரைக்கு வேனில் ஏற்றினார்கள். காரமடை தாண்டும்போதுதான், கல்லாறு பக்கம் மண் சரிந்துவிட்டதால் ரயில் ரத்து என்று கைடு சொன்னார். அதே வேனில் கோத்தகிரி வழியாக ஊட்டிக்குக் கூட்டிப்போனார்கள். சாப்பாடு, பூங்கா, படகு இல்லம் எல்லாம் காட்டினார்கள். ‘ஊட்டியிலிருந்து குன்னூர் வரைக்குமாவது ரயிலில் ஏற்றிவிடுகிறோம்’ என்றார்கள். அங்கே டிக்கெட் இல்லை. ரயில் ரத்து என்று முந்தின நாள் மதியமே ரயில்வே அறிவித்துவிட்டது, செய்தித்தாளிலும் வந்தது என்று பிறகு தெரிந்தது. பணம் கேட்டால், ‘இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, எக்காரணத்துக்காகவும் பணம் திருப்பித் தரப்படாது என்று வாட்ஸ்அப்பிலேயே போட்டிருக்கிறோம். ஐந்து பேருக்கும் சேர்த்து டிக்கெட் காசு 1,500 வேண்டுமானால் தருகிறோம், அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். இதே டிராவல்ஸ் வேனில் மட்டும் போகும் ஊட்டி ஒரு நாள் சுற்றுலாவைத் தலைக்கு 1,300 ரூபாய்க்கு விற்கிறது. வற்புறுத்திக் கேட்டதில் டிக்கெட் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள்; அதில் இருப்பது எங்கள் பெயர்களே இல்லை! இதனால் எங்களுக்கு ஏதாவது சிக்கல் வருமா? கூகுளில் ஒரு ஸ்டார் கொடுத்து எழுதியதற்கு மானநஷ்ட வழக்கு போடுவேன் என்கிறார் உரிமையாளர். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, காரமடைக்கு மட்டும் ஒரே வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் வண்டி ஓடாது என்று முந்தின நாள் மதியமே அறிவிப்பு வந்துவிட்டது. ரயில் சுற்றுலாவையே தொழிலாக நடத்துகிறவருக்கு அது அன்று மாலைக்குள் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. தெரிந்தும் உங்களை எழுப்பி, குளிக்கவைத்து, வேனில் ஏற்றி, இனி இறங்கித் திரும்ப முடியாது என்கிற இடம் வந்த பிறகு சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள் இரவே சொல்லியிருந்தால் நீங்கள் வேறொரு தேதி கேட்டிருக்கலாம், வேண்டாம் என்றே விட்டிருக்கலாம். அந்த வாய்ப்பைத்தான் பறித்திருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) ‘சேவைக் குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவில் முதல் குற்றச்சாட்டாக இதை வையுங்கள். ரயில் ரத்தானதற்கு அவர் பொறுப்பல்ல என்று வாதிடலாம். வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு மலையைக் காரணம் காட்ட முடியாது.

இனி இயற்கைச் சீற்றம். இந்தச் சொல்லைக் கேட்டவுடனே பலர் பணத்தை மறந்துவிடுகிறார்கள். சட்டம் சொல்வது வேறு. செய்ய ஒப்புக்கொண்ட காரியம் யாருடைய தவறும் இல்லாமல் முடியாமல் போனால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 56-இன்படி அந்த ஒப்பந்தம் செல்லாததாகிறது. ஏன் செய்யவில்லை என்று அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அடுத்து பிரிவு 65-ஐப் படியுங்கள்: அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் எதைப் பெற்றிருந்தாரோ அதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது ஈடு செய்ய வேண்டும். மலை சரிந்தால் அவர் ரயிலில் ஏற்றாமல் இருக்கலாம், ஆனால் ரயிலுக்காக வாங்கிய காசைப் பையில் வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் உண்டு. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பல்சக்கரப் பாதை, 12 அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்து. வடகிழக்குப் பருவமழையில் அங்கே மண் சரிவதும் பாறை உருளுவதும் வண்டி ரத்தாவதும் நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நவம்பரில் அந்த ரயிலை வைத்துச் சுற்றுலா விற்கிறவர், ‘எதிர்பாராத நிகழ்வு’ என்று சொன்னால் ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் புன்னகைப்பார்கள். ரத்தானால் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது அவர் வேலை.

வாட்ஸ்அப்பில் போட்ட ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரி பற்றி ஒரு எச்சரிக்கை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(46) நியாயமற்ற ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறது என்று யாராவது சொன்னால், அதை வைத்து ‘இந்த நிபந்தனை செல்லாது என்று அறிவிக்க வேண்டும்’ என மாவட்ட ஆணையத்தில் கேட்டுவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான். அதிகார வரம்பு இல்லை என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே கிளப்பும். உங்களுக்கு அது தேவையும் இல்லை. சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டையும் சொன்னால் போதும். குறையுள்ள சேவைக்கு வாங்கிய தொகையை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பது பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காததும் அப்படியே. உங்களுக்கு பில் தந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தரவில்லை என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 14,000-ஐயும் கேட்க உங்களுக்குத் தோன்றும். நான் கேட்க மாட்டேன். ஊட்டிக்குப் போனீர்கள், சாப்பிட்டீர்கள், படகு இல்லம் பார்த்தீர்கள், வீட்டுக்கும் வந்து சேர்ந்தீர்கள். முழுத் தொகையைக் கேட்டால் நேர்மையான மனு பேராசை மனுவாகத் தெரியும். அதற்காக டிராவல்ஸ்காரர் நீட்டும் 1,500-ம் சரியான கணக்கு அல்ல. நீங்கள் அவரிடம் ரயில் டிக்கெட் வாங்கவில்லை. ‘ரயிலில் போகும் ஒரு நாள்’ என்ற அனுபவத்தை வாங்கினீர்கள். அதன் விலை என்ன என்பதை அவரே சொல்லியிருக்கிறார்: ரயிலோடு 2,800, ரயில் இல்லாமல் 1,300. வித்தியாசம் தலைக்கு 1,500, ஐந்து பேருக்கு 7,500. அவருடைய விலைப் பட்டியலே உங்கள் சாட்சி. அந்த 1,300 ரூபாய் விளம்பரத்தை இன்றே, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் போனதும் அது மறைந்துவிடும்.

7,500, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு 10,000, வழக்குச் செலவுக்கு 5,000 என்று கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் கிடைக்காது.

இதற்கிடையில் அவர் 1,500-ஐ உங்கள் கணக்கில் போட்டுவிட்டால்? பயப்பட வேண்டாம். அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘பகுதித் தொகையாக மட்டும் ஏற்கிறோம், மீதிக்கான உரிமை எங்களுக்கு உண்டு.’ ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் கட்டைவிரலும் காட்டாதீர்கள்.

டிக்கெட்டில் வேறு பெயர்கள் இருந்த விஷயத்துக்கு வருகிறேன். யார் பெயரிலாவது முன்கூட்டியே இருக்கைகளைப் பிடித்து வைத்து, பிறகு வருகிறவர்களை அதில் ஏற்றும் பழக்கம் இது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 142 அங்கீகாரம் இல்லாதவர் முன்பதிவு டிக்கெட்டைக் கைமாற்றுவதைக் குற்றம் என்கிறது. அப்படிப்பட்ட டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்பவருக்கும் மூன்று மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம் என்று தண்டனை உண்டு. அனுமதியின்றி டிக்கெட் வியாபாரமே செய்பவருக்குப் பிரிவு 143. அதில் மூன்று ஆண்டு வரை போகும். ஆன்லைன் டிக்கெட்டுக்கும் அந்தப் பிரிவு பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்குச் சிக்கல் வருமா என்று கேட்டீர்கள். டிக்கெட் உங்கள் கைக்கே வரவில்லை, ரயிலில் ஏறவும் இல்லை, பெயர் விஷயம் பின்னால்தான் தெரிந்தது. எனவே கவலை வேண்டாம். ஒருவேளை ரயில் ஓடி, நீங்கள் ஏறி, பரிசோதகர் அடையாள அட்டை கேட்டிருந்தால், டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தவர்களாகவே உங்களைக் கருதியிருப்பார்கள். உங்கள் மாமியாரை கல்லாறில் இறக்கிவிடாமல் நிலச்சரிவு காப்பாற்றியது என்றும் சொல்லலாம்!

அந்த ஸ்கிரீன்ஷாட் உங்களுக்கு இன்னொரு வகையில் உதவும். ரயில் முழுவதும் ரத்தானால் ஆன்லைன் டிக்கெட்டின் கட்டணம் முழுசாக, யாரும் கேட்காமலே, முன்பதிவு செய்தவரின் கணக்குக்குத் திரும்பிவிடும். ஆக ரயில்வே அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது. பி.என்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, அந்தத் தொகை எப்போது வந்தது என்று நோட்டீஸிலேயே கேளுங்கள்.

ஆனால் ஒன்று செய்யக் கூடாது. ‘பணம் தராவிட்டால் ரயில்வே போலீஸில் சொல்லிவிடுவேன்’ என்று எழுதாதீர்கள். புகார் கொடுக்க விரும்பினால் 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் தனியாகக் கொடுங்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டால், மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் திருப்பிவிடுவார்.

ரயில்வே மீது வழக்கு வேண்டாம். ரயில் நான்கு மணி நேரம் தாமதமாகி ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட பயணிக்கு 30,000 ரூபாய் தரச் சொன்ன 2021 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை யாராவது உங்களுக்கு எடுத்துக்காட்டலாம். அங்கே தாமதத்துக்கான காரணத்தை ரயில்வே விளக்கவே இல்லை. இங்கே காரணம் தண்டவாளத்தின் மேலேயே கிடந்தது, கட்டணமும் திரும்பிவிட்டது.

நடைமுறை. முதலில் நோட்டீஸ். சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனாலும் அனுப்புங்கள், நீங்களே எழுதலாம். நடந்ததைத் தேதி வாரியாக ஒரு பக்கத்தில் சொல்லி, 15 நாள் கெடு கொடுத்து, சென்று சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சில சமயம் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ருதி என்ற நுகர்வோர் ஆணைய இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பணம் கணவர் கணக்கிலிருந்து போனது தடையல்ல. சேவையின் பலனை அனுபவிக்க வேண்டியவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஆயினும் இருவர் பெயரிலும் போட்டுவிடுங்கள், வீண் ஆட்சேபணை வேண்டாம்.

ஆவணங்களில் விளம்பரம், ஜிபே விவரம், வாட்ஸ்அப் உரையாடல், ரத்துச் செய்தி வந்த நாளிதழ் ஆகியவை முக்கியம். உரையாடலை அழிக்காதீர்கள், மனு முடியும்வரை போனையும் மாற்றாமல் இருந்தால் நல்லது. இன்னொரு சின்னத் துப்பு: 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் போகும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். உங்கள் வேனுக்கு எப்போது, எத்தனை பேருக்கு இ-பாஸ் எடுத்தார்கள் என்று கேளுங்கள். ரயிலில் போகிறவர்களை ஊட்டியில் சந்திக்க வேன் எப்படியும் மலையேறியிருக்கும் என்று அவர் சொல்லலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் முந்தின நாள் இரவு, உங்கள் ஐவரையும் வேன் பயணிகளாகக் கணக்குக் காட்டி எடுத்திருந்தால், காரமடைக்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எழுத்தில் வந்துவிடும்.

கூகுளில் நீங்கள் எழுதியதை நானும் தேடிப் படித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதியதற்கு மானநஷ்டம் நிற்காது. ‘திருட்டுக் கும்பல்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துவிடுங்கள். மீதி அப்படியே இருக்கட்டும். பணம் வந்தால் பதிவை நீக்கிவிடுகிறேன் என்று பேரம் பேச வேண்டாம்.

நோட்டீஸ் போன பிறகு பெரும்பாலும் போன் வரும். அவர் 7,500-ஐத் தர ஒப்புக்கொண்டால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள் என்பதே என் யோசனை. ‘பணம் வேண்டாம், மார்ச்சில் மலை ரயிலில் இலவசமாகக் கூட்டிப்போகிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி.யில் உங்கள் பெயரிலேயே நீங்களே போட்டுக்கொள்ளலாம். அடையாள அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.