ஜாகுவார் இ-டைப்பா, போர்ஷே 911-ஆ?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். 1960களின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கும் ஆசை நெடுநாளாக உண்டு. ஜாகுவார் இ-டைப் 4.2 (4.2 லிட்டர் எஞ்சின்), போர்ஷே 911 இரண்டில் எதை வாங்கலாம்? வார இறுதிகளில் ஓட்டுவேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. பின்னால் விற்க நேர்ந்தால் கையைக் கடிக்கக் கூடாது.

பதில்: ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்கிறீர்களே, அதற்காகவே 911 பக்கம் சாய்கிறேன். அழகில் இ-டைப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1961 ஜெனீவா கண்காட்சியில் வந்தபோதும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அதன் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, உள்ளே, பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. பிரேக் சூட்டில், ஆயில் வெளியேறாமல் தடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் சீல் கெடும். கசிந்த ஆயில் டிஸ்க்கில் படும். முறையாகச் சரிசெய்ய, பெரும்பாலும் பின் சஸ்பென்ஷன் தொகுதியையே கீழே இறக்குவார்கள். உதிரிபாகத்தின் விலையைவிடக் கூலி அதிகமாகும்.

911-இல் ரேடியேட்டரே கிடையாது. காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆயிலைக் கவனித்துக்கொண்டால் நெடுங்காலம் உழைக்கும். ஆயில் அளவை மட்டும் எஞ்சின் சூடேறி, ஐட்லிங்கில் ஓடும்போது பார்க்க வேண்டும். எஞ்சின் பின்னால் இருப்பதால், ஈர வளைவில் சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் வீசும். 1969 மாடலில் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மி.மீ. கூட்டிய பிறகு இந்தக் குணம் ஓரளவு அடங்கியது. புதிதாக ஓட்டுபவருக்கு அந்த மாடலோ அதற்குப் பிந்தையதோதான் நல்லது.

எது வாங்கினாலும் பணத்தைத் தின்பது எஞ்சினைவிடத் துருதான். இ-டைப்பில் எஞ்சினைத் தாங்கும் முன்பக்கக் குழாய்ச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மேலே பளபளவென்று பெயின்ட் இருக்கும். கதவின் கீழ் விளிம்பும் தளமும் அடுத்த சந்தேகங்கள். 911-இல் முன்பக்க டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி, பேட்டரி இருக்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு ஜாக்கி வைக்கும் இடத்தையும் பின்பக்க டார்ஷன் பார் (ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பி) குழாயின் சுற்றுப்புறத்தையும் பாருங்கள். முழு பாடிக்கும் துத்தநாகப் பூச்சு வந்தது 1976 மாடலில்தான். ஆண்டு முக்கியமில்லை என்றால் எண்பதுகளின் 911 வகையான 3.2 கரேராவையும் யோசியுங்கள். உங்கள் தேவைக்கு அதுவே பொருத்தம் என்பேன். அறுபதுகளின் கவர்ச்சி அதில் குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

மறுவிற்பனைக்கு வண்டியில் பொறித்த எண்கள் முக்கியம். சேஸிஸ், எஞ்சின் எண்கள் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். ஜாகுவார் டைம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழில் அந்த எண்களோடு முதல் நிறமும் இருக்கும். அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 40 ஆண்டு கடந்த வண்டிக்கு அங்கே சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் செய்யாததென்றால் எம்.ஓ.டி. எனும் ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் சோதித்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் இ-டைப்பில்தான் என்றால், நீங்கள் கேட்ட 4.2 சரியான தேர்வு. முந்தைய 3.8 லிட்டர் இ-டைப்பின் கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) இல்லை, 4.2-இல் எல்லாக் கியருக்கும் உண்டு. நெட்டையானவர் என்றால் 1966-இல் வந்த, பின்னால் இரண்டு சிறு இருக்கைகள் உள்ள 2+2 இ-டைப்பில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். தோற்றம் சற்றுத் தடித்தது, ஆகவே விலையும் குறைவு.

எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும், நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினின் முதல் புகையும் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் சங்கிலியின் சத்தமும் சூடான பிறகு அகப்படாது.