கையெழுத்துக்கு முன்னாடி அந்த 8 செகண்ட் மேளத்த பாருங்க தம்பி

கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. வீட்டுல லேப்டாப்ல தனியா செஞ்ச எலக்ட்ரானிக் டான்ஸ் டிராக் ஒண்ண 3 வருஷம் முன்னாடி நெட்ல போட்டாராம், இப்போ ஜப்பான்ல ஒரு கம்பெனி அத ஆர்கேட்ல காசு போட்டு, பாட்டு தாளத்துக்கு ஏத்தபடி பட்டன் அமுக்கி ஆடுற ரிதம் கேம்ல வைக்கணும்னு 6 பக்க அக்ரிமெண்ட் அனுப்பியிருக்கு. ஒரே தடவ பணம், எல்லா உரிமையும் காலாகாலத்துக்கும் அவங்களுக்கு. டிராக் நடுவுல 8 செகண்ட், செண்டை வச்சு அடிக்கிற சிங்காரி மேளம் வருது, ஊர் கோயில் கொடையில தன் போன்ல எடுத்தது. கையெழுத்து போடலாமான்னு கேக்காரு.

தம்பி, முதல்ல ரொம்ப சந்தோஷம். நமக்கா இப்படி ஒரு சான்ஸுன்னு பயந்து எல்லாத்துக்கும் தலையாட்டாதீங்க, 2012ல வந்த சவுண்ட் வோல்டெக்ஸ்ங்கற ஜப்பான் ஆர்கேட் ரிதம் கேம்லயே தனி ஆளுங்க செஞ்ச டிராக் எத்தனையோ இருக்கு, அவங்களுக்கு உங்க பாட்டு வேணும், அதான் தேடி வந்திருக்காங்க.

அக்ரிமெண்ட்ல 'அசைன்'னு இருக்கா 'லைசன்ஸ்'னு இருக்கான்னு பாருங்க. ரப்பர் தோட்டத்த கிரயம் எழுதிக்குடுக்கறதுக்கும் பாட்டத்துக்கு விடுறதுக்கும் உள்ள வித்தியாசமாக்கும் அது. உங்களுக்கு வந்திருக்கது கிரயம். அப்படியே குடுத்துட்டா நாளைக்கு நீங்க உங்க பாட்டையே அப்லோடு பண்ணினா அவங்க கிளைம் போட்டு எறக்கிடலாம். நம்ம காப்பிரைட் சட்டம் 19ஆவது பிரிவுல, எத்தன வருஷம்னு எழுதலன்னா 5 வருஷம், எந்த நாடுன்னு எழுதலன்னா இந்தியா மட்டும்னு ஒரு பாதுகாப்பு இருக்கு, ஆனா இவங்க ரெண்டையும் தெளிவா எழுதிட்டாங்க, அதனால அது கைகொடுக்காது. "ஆர்கேட் மெஷினுக்கு மட்டும், 5 வருஷம், வேற யாருக்கும் குடுக்க எனக்கு உரிமை உண்டு"ன்னு மாத்திக் கேளுங்க. கேமுக்காக பாட்ட 2 நிமிஷமா வெட்டுவாங்க, அது வழக்கம், அத மட்டும் விட்டுக்குடுக்கலாம். போன் கேம், சிடி, ஸ்ட்ரீமிங் எல்லாம் தனித்தனி பணம்.

இப்போ மேளம். 4ஆம் பக்கத்துல "இதுல வர்ற எல்லா சத்தமும் என்னோடது, யாராவது கேஸ் போட்டா நஷ்டம் முழுசும் நானே தர்றேன்"னு ஒரு வரி இருக்கே, என்னைய பயமுறுத்துனது அதுதான். அந்த 8 செகண்ட் உங்களோடது இல்ல தம்பி. செண்டை அடிச்சவங்களுக்கு 38ஆவது பிரிவுல கலைஞர் உரிமை 50 வருஷத்துக்கு இருக்கு, சொந்தமா கேக்க போன்ல எடுத்தது தப்பில்ல, அத வச்சு சம்பாதிக்கணும்னா அவங்க சம்மதம் வேணும். பொதுவுல அடிச்சதுதானேன்னு நிறைய பேரு நினைக்காங்க, அது தப்பு.

மேளத்து ஆசான நேர்ல போய் பாருங்க, ஹெட்போன்ல போட்டுக் காட்டுங்க. எந்தக் கொடை, என்ன தேதி, எத்தன செகண்ட், எந்த டிராக், எவ்வளவு ரூபா எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, அன்னைக்கு அடிச்ச எல்லார் கையெழுத்தும் வாங்குங்க, ஆசான் ஒருத்தர் கையெழுத்து மட்டும் போதாது. கேம்ல அவங்க பேரும் வரணும்னு கம்பெனிகிட்ட கேளுங்க, அது அவங்களுக்குச் சேர வேண்டிய மரியாத. மேளக்காரங்க ஒத்துக்கலன்னா அந்த இடத்த எடுத்துட்டு வேற டீம வச்சு, எழுதி வாங்கிட்டு, புதுசா ரெக்கார்ட் பண்ணுங்க.

காப்பிரைட் ரிஜிஸ்டர் பண்ணலயேன்னு கவலப்படாதீங்க, கட்டாயம் இல்ல, பாட்டு செஞ்ச அன்னைக்கே உரிமை வந்தாச்சு. டிராக் செஞ்ச பழைய ப்ராஜெக்ட் ஃபைல, ஆதாரத்துக்கு, தேதியோட பத்திரமா வச்சுக்கோங்க.

கம்பெனிக்கு ரெண்டு வாரம் டைம் கேட்டு இன்னைக்கே மெயில் போடுங்க. கொடை சீசன்ல மேளக்காரங்க ராத்திரி வீட்டுல இருக்க மாட்டாங்க, காலையில போங்க.