முகாமுக்கு ஆள் வராதது ஏன்?

வணக்கம்.

கதை எழுதுபவர்களும் ஓவியர்களுமாக 300 பேர் உள்ள இணையக் குழுவை நடத்துகிறேன். மூன்று நாள் முகாம் என்று அறிவித்ததும் 70 பேர் கட்டைவிரல் குறி போட்டார்கள். பணம் கட்டியவர்கள் ஐந்தே பேர். ஆர்வமில்லாத கூட்டம். தேதியை மாற்றலாமா? வரமுடியாதவர்களுக்கு நேரலை வைக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

தேதியை மாற்றாதீர்கள். பணம் கட்டிய ஐந்து பேர் விடுப்பும் பயணச்சீட்டும் எடுத்திருப்பார்கள், அவர்களையும் இழப்பீர்கள். நேரலையும் வேண்டாம். வரலாமா என்று தயங்குபவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

'ஆர்வமில்லாத கூட்டம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது அநியாயம். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இன்னும் யாரையும் அழைக்கவே இல்லை. பொது அறிவிப்பைப் பார்ப்பவர், மற்ற 299 பேருக்குச் சொன்னதாகவே அதை எடுத்துக்கொள்வார். கட்டைவிரல் குறிக்கு 'நல்ல முயற்சி' என்று பொருள். அதை வருகைப் பதிவாக எண்ணிவிட்டு அவர்கள்மேல் கோபப்படுகிறீர்கள்.

தனித்தனியாகக் கூப்பிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர் போதும். கூப்பிடும் முன் அவர் கடைசியாகப் பதிவிட்டதைப் படியுங்கள். "உங்கள் கதையில் அந்த அம்மா கடைசிவரை வாயே திறக்கவில்லை. அதைப் பற்றி எல்லோரும் உட்கார்ந்து பேசவேண்டும். சனிக்கிழமை காலை அமர்வில் உங்கள் கதையை வைத்திருக்கிறேன், வருவீர்களா?" இப்படிக் கேட்டால் அவரால் மழுப்ப முடியாது. இணையத்தில் புனைபெயருக்குப் பின்னால் சரளமாக எழுதுபவருக்கு, நேரில் தன்னை யார் கண்டுகொள்வார்கள் என்ற பயம் பெரிது. தன்னைப் படித்த ஒருவராவது அங்கே இருக்கிறார் என்று தெரியாமல் கூச்சக்காரர் கிளம்பமாட்டார். நாற்காலி போடும் வேலையை மட்டும் கொடுத்து இழுக்கவும் பார்க்காதீர்கள். அவருடைய படைப்புக்கு அங்கே ஓர் இடம் இருக்கவேண்டும்.

பெண்கள் கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கு அழைப்பிலேயே பதில் சொல்லிவிடுங்கள். ஓர் அறையில் எத்தனை பேர், யாருடன்? கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? கழிவறை அறைக்குள்ளேயே இருக்கிறதா? இரவில் வண்டி வந்து சேர்ந்தால் யார் அழைத்துவருவார்? யாராவது அத்துமீறினால் யாரிடம் சொல்வது? 'பாதுகாப்பான சூழல்' என்று ஒற்றை வரியில் முடிப்பது ஏமாற்று வேலை.

முன்பணத்துக்குக் கடைசித் தேதியும், எந்த நாள்வரை திருப்பித் தருவீர்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கட்ட முடியாதவரிடம் தனியாகப் பேசுங்கள், குழுவில் வேண்டாம்.

முதல் முகாமுக்கு இருபது பேர் தாராளம். ஏழெட்டுப் பேர் கொண்ட வட்டங்களாகப் பிரித்துவிடுங்கள். படைப்புகள் இரண்டு வாரம் முன்பே எல்லோர் கைக்கும் போகவேண்டும். கதை என்றால் 3000 சொல்லுக்குள், ஒன்றுக்கு 40 நிமிடம், நாளுக்கு நான்கு. ஐந்தாவதை வைத்தால் களைத்துப்போனவர்கள் மேலோட்டமாகப் பேசி அந்த எழுத்தாளரை நோகடிப்பார்கள். அமெரிக்காவில் 1956இல் தொடங்கிய மில்ஃபோர்டு எழுத்தாளர் பட்டறையின் பெயரால் ஒரு முறை வழங்குகிறது. வட்டத்தில் ஒவ்வொருவரும் சில நிமிடங்கள் பேசுவார்கள், எழுதியவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம். பின்னூட்டத்துக்குப் பின்னூட்டம் போட்டுப் பழகியவர்களுக்கு அந்த மௌனம் மிகவும் தேவை. மதியம் இரண்டு மணி நேரத்தைச் சும்மா விட்டுவைக்கவும்.

பணம் கட்டிய ஐந்து பேரிடம் இன்றைக்கே பேசுங்கள். குழுவில் யாரை நேரில் பார்க்க ஆசை என்று கேட்டு, ஆளுக்கு இரண்டு பெயர் வாங்குங்கள். அந்தப் பத்துப் பேரை அவர்களே கூப்பிடட்டும்.

அன்புடன்.