ராமேஸ்வரத்தில் மூன்று நாள்: வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: கோவையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் ரயிலில் ராமேஸ்வரம் போகிறோம். நான், மனைவி, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள அம்மா. தீவில் கடலோரத்தில் ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் தங்குகிறோம். அங்கே வரவேற்பில் இருப்பவர், தெரிந்தவருடைய கார் ஒன்று இருக்கிறது, நாள் வாடகை 2,500 ரூபாய், டெபாசிட் 5,000, நீங்களே ஓட்டிக்கொள்ளலாம் என்கிறார். வண்டி வெள்ளை போர்டு. 1,000 ரூபாய் அட்வான்ஸ் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். இந்தக் கார் எந்தக் கணக்கிலும் வேண்டாம். தீவுக்குள் மட்டும் சுற்றுவதற்கு ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார் எதுவுமே உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் தூரத்தைப் பாருங்கள். கோயிலிலிருந்து, தனுஷ்கோடி தாண்டிச் சாலை முடியும் அரிச்சல்முனைக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வர 50-க்குள் முடிந்துவிடும். கோதண்டராமர் கோயில் அதே வழியில்தான் இருக்கிறது, கொஞ்சம் விலகிப் போக வேண்டும், அவ்வளவுதான். கந்தமாதன பர்வதம் ஊரை ஒட்டியது. பேக்கரும்பில் உள்ள கலாம் நினைவிடம், தங்கச்சிமடத்து வில்லூண்டி தீர்த்தம், பாம்பன் பாலம் எல்லாம் பாம்பன் போகும் ஒரே சாலையை ஒட்டி வரிசையாக வந்துவிடும். ஒன்றையும் விடாமல் பார்த்தாலும் மூன்று நாளில் 120 கிலோமீட்டரைத் தாண்டமாட்டீர்கள். வாடகை 7,500, பெட்ரோல் எட்டு லிட்டர் என்று வைத்தால் சுமார் 800. ஆக 8,300 ரூபாய். கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 70 ரூபாய் கொடுத்து, பெரும்பாலான நேரம் ரிசார்ட் வாசலில் வண்டியை வெயிலில் காயப்போடுவீர்கள்.

முதல் நாள் காலையில் கார் உபயோகப்படவே படாது. அக்னி தீர்த்தத்தில் கடலில் முழுக்குப் போட்டு, அதே ஈரத்துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் நீராடி, உடை மாற்றிக்கொண்டு தரிசனம் செய்து வெளியே வரப் பாதி நாள் போய்விடும். கூட்டம் உள்ள நாளில் ரத வீதிப் பக்கம் வெளியூர் வண்டியை விடமாட்டார்கள். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு அம்மாவை நடத்திக் கூட்டிவர வேண்டியிருக்கும். ஆட்டோவில் போனால் எவ்வளவு கிட்டே விடுகிறார்களோ அதுவரை போய் இறங்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: பயணிகள் ஆட்டோவில் ஏற்ற அனுமதி மூன்று பேருக்குத்தான். ஐந்து பேர் ஒரே ஆட்டோவில் நெருக்கி உட்கார வேண்டாம், இரண்டு ஆட்டோ பிடியுங்கள்.

இனி அந்த வெள்ளை போர்டு விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடற்கரை ஊர்களுக்கு வரும் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கான வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் ஓட்டுநரோடு வரும் டாக்சி. நீங்களே ஓட்டிக்கொள்ள வாடகைக்குத் தரும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். மின்சார வண்டிகளுக்குப் பச்சைப் பலகை உண்டு, உங்களுக்கு அது இப்போது வேண்டாம்.

சொந்த உபயோக வண்டியின் காப்பீட்டுப் பத்திரத்தில், எந்தெந்த உபயோகத்துக்கு அது செல்லும் என்று சொல்லும் பகுதி ஒன்று உண்டு. வாடகைக்கு விடுவதற்குச் செல்லாது என்று அதில் இருக்கும். உரிமையாளர் பல வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியிருந்தாலும், நீங்கள் 2,500 கொடுத்துச் சாவியை வாங்கினால் இந்த நிபந்தனை மீறப்பட்டதாகிவிடும். வண்டிக்குச் சேதம் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். எதிரே வந்தவருக்கு அடிபட்டால், நீதிமன்றம் சொன்னபடி கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு அதை உரிமையாளரிடம் வசூலிக்க வரலாம். உரிமையாளர் யாரைத் தேடி வருவார்? ஓட்டியவரைத்தான். வழக்கில் ஓட்டுநர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பிரீமியத்தோடு கட்டாயமாக வாங்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான் பொருந்தும். வாடகைக்கு எடுத்து ஓட்டும் உங்களுக்கு அதில் ஒரு பைசா வராது. "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று அவர்கள் சொல்வது பொய்யாக இருக்காது. அந்த இன்சூரன்ஸ் உங்களுக்கானது அல்ல, அவ்வளவுதான்.

வழியில் சோதனையில் பிடித்தால் பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டிய குற்றமாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 10,000 ரூபாய் அபராதம். வண்டியைப் பிடித்து வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. நடுவழியில் அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நிற்கப்போவது உரிமையாளரோ வரவேற்பில் இருப்பவரோ அல்ல.

"யாராவது கேட்டால் சொந்தக்காரர் வண்டி என்று சொல்லிவிடுங்கள்" என்று சொல்லித் தருவார்கள். அதனால் உண்மையிலேயே சொந்தக்காரர் அல்லது நண்பரின் காரை ஓட்டினால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் தவறே இல்லை. பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ உங்கள் மைத்துனர் இருக்கிறார், வண்டியைக் கொடுக்கிறார் என்றால் தாராளமாக எடுங்கள். அவர் கூட வரவேண்டியதில்லை. உங்களிடம் நடப்பில் உள்ள ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும், வண்டியின் காப்பீடு காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் எம்பரிவாகன் செயலியிலோ டிஜிலாக்கரிலோ இருந்தால் போதும். டேங்கை நிரப்பிக் கொடுப்பது வாடகை ஆகாது. டயர் பஞ்சர் ஆனால் ஒட்டிக் கொடுப்பதும் ஆகாது. ஆனால் "சும்மா வேண்டாம் மாமா, ஒரு 2,000 வைத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் ஜிபேயில் அனுப்பி, குறிப்பில் கார் வாடகை என்றும் எழுதிவிட்டால், நாளைக்கு ஒரு விபத்து நடந்து கம்பெனியின் விசாரணையாள் வரும்போது அந்த ஒரு வரிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அன்புக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்குத் துணிமணி வாங்கிக் கொடுங்கள், பணம் அனுப்பாதீர்கள். ரிசார்ட் வரவேற்பாளருக்குத் தெரிந்தவர் உங்களுக்குச் சொந்தக்காரர் ஆகமாட்டார். விசாரணையில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கறுப்புப் பலகை வண்டி ராமேஸ்வரத்தில் ஏன் எளிதாகக் கிடைப்பதில்லை என்று கேட்பீர்கள். 1989-ல் மத்திய அரசு கொண்டுவந்த வாடகைக் கார் திட்டத்தில், உரிமம் வேண்டுமென்றால் குறைந்தது 50 கார் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. இரு சக்கர வண்டிக்கு 1997-ல் வந்த திட்டம் ஐந்து வண்டி போதும் என்கிறது. நேர்மையாகத் தொழில் செய்ய நினைக்கும் ஒரு தங்கச்சிமடத்துக்காரர் 50 காருக்கு எங்கே போவார்? இரண்டு மூன்று கார் வைத்திருப்பவருக்குச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. அவர் வெள்ளை போர்டைப் பின்கதவு வழியாக ஓட்டுகிறார். வருடக்கணக்காக எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. எண்ணிக்கையைக் குறைத்து முறைப்படுத்தாமல், ஆண்டுக்கு நாலு நாள் சோதனை போட்டுப் பயணியிடம் அபராதம் வாங்குவதில் யாருக்கு என்ன லாபம்?

உங்கள் மூன்று நாளுக்கு இப்படிச் செய்யுங்கள். கோயிலுக்கு ஆட்டோ. தனுஷ்கோடிக்கு அரை நாள், பாம்பன் பக்கம் அரை நாள், இரண்டுக்கும் மஞ்சள் போர்டு கார் ஓட்டுநரோடு. டாக்சி ஸ்டாண்டில் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். மொத்தம் அந்த 8,300-க்குக் கீழே வந்தால் வேறு யோசனையே வேண்டாம். பேசும்போது நான்கு விஷயத்தை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்: அரிச்சல்முனை வரை போவீர்களா, காத்திருப்பு எத்தனை மணி நேரம், பார்க்கிங் யார் கட்டுவது, பேட்டா இதில் அடக்கமா. "தனுஷ்கோடி வரை" என்று மட்டும் பேசிவிட்டு இடிந்த தேவாலயம் அருகில் நிறுத்தி, முனைக்குத் தனிக்கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சங்குக் கடையில் கட்டாயம் நிறுத்துவார்கள். வேண்டாம் என்றால் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

"கார் போகாது, எங்கள் வேனில்தான் போகணும்" என்று யாராவது வழிமறித்தால் நம்பவேண்டாம். முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்தது, அதற்கு மேல் மணலில் வேன்தான். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை நல்ல சாலை. அரசுப் பேருந்தும் போகிறது. கையில் குழந்தையும் சாமானும் இல்லாதவர்களுக்கு அது போதும். பொழுது சாய்ந்த பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள். மதியச் சாப்பாட்டை முடித்து மெதுவாகக் கிளம்பலாம் என்று இருந்துவிடாதீர்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

அந்தச் சாலையில் நீங்களே ஓட்டினால் கைப்பணம் எப்படிப் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தாரை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலே மணல் இழுத்துக்கொள்ளும். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிவது ஒரு மேலோடுதான், அடியில் இளமணல். புகைப்படம் எடுக்க ஓரம் கட்டுகிறவர்கள் இப்படித்தான் சிக்குகிறார்கள். சிக்கினால் எல்லோரும் செய்வது ஆக்சிலேட்டரை மிதிப்பது. சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகி, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். கிளட்ச் தீய்ந்த வாடை வந்தால் டெபாசிட் 5,000 திரும்பி வராது. செய்ய வேண்டியது வேறு. எல்லோரையும் இறக்குங்கள், ஸ்டியரிங்கை நேராக்குங்கள், டயருக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வாருங்கள், டயர் காற்றை 33 PSI-யிலிருந்து 20-க்குக் குறையுங்கள், காருக்குள் போட்டிருக்கும் கால்மிதியையோ பனை ஓலையையோ டயருக்கு அடியில் கொடுத்து இரண்டாவது கியரில் மெல்ல எடுங்கள். ஏறியதும் காற்றை நிரப்பும்வரை வேகம் கூடாது. தனுஷ்கோடியில் பெட்ரோல் பங்க் இல்லை, ஆகவே காற்றும் ஊருக்குத் திரும்பி வந்துதான். ஆடி மாதக் கச்சான் காற்றில் மணல் சாலையின் மேலேயே ஏறிக் கிடக்கும், அதில் பிரேக் போட்டால் வழுக்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் ரயில் பார்க்க வண்டியை நிறுத்தாதீர்கள், அங்கே நிறுத்தத் தடை.

தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை மூன்றும் பார்க்கும் எண்ணம் இருந்தால் அது வேறு கணக்கு. அவை தீவில் இல்லை. ராமநாதபுரமே ராமேஸ்வரத்திலிருந்து 55 கிலோமீட்டர். அந்த ஒரு நாளுக்கு ராமநாதபுரத்து டாக்சியைப் பேசுங்கள். "குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர்" என்பார்கள். வண்டி தன் இடத்திலிருந்து கிளம்பித் திரும்பிச் சேரும்வரை மீட்டர் ஓடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் தீவிலிருந்து காரில் வெளியே போகும் திட்டமே வேண்டாம், மண்டபத்திலிருந்தே வாகனம் தேங்கி நிற்கும்.

மதுரைக்கு விமானத்தில் வருபவர்களுக்கு மட்டும் கறுப்புப் பலகைக் கார் பொருந்தும், ஏனெனில் 170 கிலோமீட்டர் சாலைப் பயணமே அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. நீங்கள் ரயிலில் வருகிறீர்கள்.

அனுப்பிய 1,000 ரூபாயைக் கேட்டுப் பாருங்கள். "வண்டி வெள்ளை போர்டு என்பதால் வேண்டாம், முன்பணத்தைத் திருப்பி அனுப்பவும்" என்று இன்றே வாட்ஸாப்பில் எழுதுங்கள், போனில் மட்டும் பேசாதீர்கள். ரிசார்ட் முன்பதிவை ரத்து செய்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம், அறைக்கும் அந்தக் காருக்கும் சம்பந்தமில்லை. வரவேற்பில் சமாதானம் சொல்லி, "டிரைவரோடு அனுப்புகிறேன்" என்று அதே வெள்ளை போர்டை மறுபடி நீட்டுவார்கள். ஓட்டுநர் இருந்தாலும் பெர்மிட்டும் காப்பீடும் அதே நிலைதான், அதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு வாரத்தில் பணம் வராவிட்டால் அந்த 1,000-ஐ விட்டுவிடுங்கள்.